விடுபட்ட இருபத்து மூன்று நிமிடங்கள்

நிமிடத்துக்கு ஒரு குறியீடு.
கையேட்டில் மொத்தம் முப்பத்தொன்று.
ஒன்று, கை கழுவுதல்.
நான்கு, வயிற்றுக்குள் துடிப்பைக் கேட்டல்.
ஒன்பது, பதிவேடு எழுதுதல்.
முப்பத்தொன்று, மற்றவை.

பார்வையாளர் சுவரோரம் நிற்க வேண்டும்.
தொடக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது.
யாராவது எதையாவது கேட்டால்
புன்னகைக்கலாம்.

ஒரு மருத்துவச்சியின் இரவு
எத்தனை மருத்துவச்சிகளின் வேலை
என்று அளக்க அனுப்பியிருந்தார்கள்.
லிலோங்வேயில் ஏறிய பஸ் ம்ஸூஸுவோடு நின்றது.
மீதி வழி
உலர்ந்த உசிப்பா மீன் மூட்டைகளின் மேல்.
இறங்கியபோது என் சட்டையை வைத்தே
பூனைகள் என்னை நம்பின.

மலைக்கும் ஏரிக்கும் நடுவில் அந்த நிலையம்.
பணியிடம் ஐந்து, நிரம்பியது ஒன்றரை.
அமைச்சகத்தின் தாளில் அப்படித்தான் இருந்தது.
அரை ஆளைப் பார்க்க ஆசைப்பட்டேன்:
பயிற்சிக்குப் போயிருந்தாள்,
போன ஜூனில்.

முழு ஆள் ஃபைனெஸ் கோண்ட்வே.
என்னை ஏற இறங்கப் பார்த்து
'நாற்காலி கிடையாது' என்றாள்.
அதற்குக் குறியீடு தேடினேன்.

மாலையில் பிறந்த ஒரே குழந்தையை
மூன்று பதிவேடுகளில் பிறப்பித்தாள்:
மாவட்டத்துக்கு ஒன்று,
பணம் தருபவர்களுக்கு ஒன்று,
எதற்கென்று யாருக்கும் நினைவில்லாத
பச்சை அட்டைப் புத்தகம் ஒன்று.
ஒன்பது, ஒன்பது, ஒன்பது
என்று நாற்பத்தொரு தடவை தட்டினேன்.
வெளியே, துணைக்கு வந்த பெண்கள்
கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார்கள்.

இரவு இரண்டு பத்து.
மின்சாரம் போனது.
இரண்டாம் கட்டிலில் பனிக்குடம் உடைந்தது.
முதல் கட்டிலில்
பிள்ளை பெற்று முடித்தவளிடமிருந்து
தரையில் ஏதோ சொட்டும் சத்தம்.

'உன் போனில் வெளிச்சம் இருக்குமா?'

புன்னகைத்தேன்.
இருட்டில் அது தெரியவில்லை.

எண்ணுவதற்கென்று தந்த போன் அது.
விளக்கைப் போட்டால்
எண்ணிக்கை நின்றுவிடும்.
போட்டேன்.

போனை என் பல்லிடுக்கில் செருகினாள்.
என் வலது கையை இழுத்து
முதல் கட்டிலின் வயிற்றில் பதித்தாள்.
'இங்கே தேய்.
கொய்யாக்காய் மாதிரி இறுகணும்.
இளகினா கத்து.'

பல்லில் போனை வைத்துக்கொண்டு
எப்படிக் கத்துவது?
அதைக் கேட்க நேரமில்லை.
என் கைக்கடியில் ஒரு முழுப் பெண்
மாவாய் இளகினாள், இறுகினாள்,
மறுபடி இளகினாள்.
அவளுடைய சிதென்ஜேத் துணியின் மஞ்சள் மீன்கள்
ஒவ்வொன்றாய்ச் சிவந்தன.
பின்னால், சத்தமே போடாத ஒரு குழந்தையை
யாரோ துடைக்கும் சத்தம்.
துடைக்கும் சத்தம்.
துடைக்கும் சத்தம்.

பிறகு, கதவு கிறீச்சிட்டது போல
சின்னதாய் ஒன்று.

என் கையின் கீழே கொய்யாக்காய்.

மின்சாரம் வந்தபோது இரண்டு முப்பத்து மூன்று.
ஃபைனெஸ் குழாயடியில் நின்று,
திரும்பாமலே,
'இப்போ எழுதிக்கோ, கை கழுவுதல்' என்றாள்.
எழுதினேன்.

ஸோம்பாவிலிருந்து புள்ளியியல்காரர் கேட்டார்:
இரண்டு பத்திலிருந்து இரண்டு முப்பத்து மூன்று வரை
வரிசை காலி, ஏன்?
பார்வையாளர் பிழை, என்றேன்.
பரவாயில்லை, முந்தின இரவின் சராசரியால்
நிரப்பிவிடலாம் என்றார்.
முந்தின இரவில் அந்த நேரம்
அவள் மேசையில் தலை சாய்த்திருந்தாள்.
முப்பத்தொன்று, மற்றவை.

வரைவறிக்கை வந்தது. ஏழாம் அட்டவணை:
ஒரே நேரத்தில் இரண்டு பிரசவம்,
பணியில் ஒருவர்,
உயிரிழப்பு இல்லை.
கீழே ஒரு வரி,
ஒருவரே போதும் என்று படிக்கத் தோதாக.

அன்று நான் தட்டாமல் விட்டதைவிட
பெரிய பிழை அது.
அடிக்குறிப்பு எழுதி அனுப்பினேன்:
அந்த இருபத்து மூன்று நிமிடமும்
அறையில் இருவர் வேலை செய்தோம்.
இரண்டாமவளுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை.
அவளும் இல்லாத இரவுகளை
யாரும் எண்ணவில்லை.

நேற்று பதில் வந்தது.
அடிக்குறிப்பு நீளமாம்.
ஒரே வரியாகச் சுருக்கித் தரச் சொல்கிறார்கள்.